பால் வைத்து அடைத்த குழாய்

என் காரின் டர்போவைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வேறொரு பழைய டர்போவை மாட்டி அனுப்பிவிட்டார் என்று ஒரு மெக்கானிக்கின் மேல் பழி போட்டேன். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. பழி போட்ட அன்று அது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பு அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். நான் சொன்ன பதில் பொய். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் அந்தப் பொய்யிலிருந்து வந்ததுதான்.

எண்பதுகளின் நடுவில் நான் மலேசியாவின் ஈப்போ நகரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். என்னிடம் ஒரு டீசல் கார் இருந்தது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் மேனேஜராக இருந்தவர், தோட்டம் கைமாறியபோது விற்றுவிட்டுப் போனது. டீசல் காருக்கு அப்போது ரோட்டு வரி அதிகம். டாக்சிக்காரர்களைத் தவிர வேறு யாரும் அதன் பக்கம் போவதில்லை. அதிலும் டர்போ வைத்த கார் ஈப்போவில் எத்தனை இருந்திருக்கும் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் வாங்கினேன். வீணாய் வெளியே போகும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றி, அந்தச் சுழற்சியில் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் டர்போ என்று வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். படத்துக்கு உதாரணம் வெளியே மரத்தடியில் நிற்கிறது என்பது எல்லா மாணவர்களுக்கும் தெரியும்.

வாங்கி இரண்டு வருடம் ஆனபோது கார் சக்தியை இழக்கத் தொடங்கியது. ஒரே நாளில் நடந்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. சமதரையில் ஒரு குறையும் இல்லை. காம்பாருக்குப் போகும் வழியில், கோப்பெங்கைத் தாண்டி வரும் மேட்டில்தான் தெரியும். மிதியைத் தரையோடு அழுத்தினாலும் கார் தன் இஷ்டத்துக்கு ஊர்ந்தது. டர்போ சுழலும் விசில் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. அந்தச் சத்தம்தான் எனக்கு எரிச்சலை மூட்டியது. வேலை செய்யாதவன் வாய் மட்டும் பேசுவதைப்போல இருந்தது.

ஒருநாள் காய்கறி ஏற்றிய லோரி ஒன்று எங்களை அந்த மேட்டில் முந்திப் போனது. பின்னால் முட்டைக்கோஸ் கூடைகளின் மேல் உட்கார்ந்திருந்த ஆள் எனக்குக் கையசைத்தான்.

"நான் வேணும்னா எறங்கி நடக்கவா?" என்றாள் என் மனைவி. "மேல போயி உங்களுக்காகக் காத்திருக்கேன்."

மறுநாளே ஈப்போவின் புந்தோங் பகுதியில் இருந்த ஒரு பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனேன். முதலாளி சீனர். எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் டாக்சிக்காரர்கள் அங்கே போனது தவுக்கேவுக்காக அல்ல, அவரிடம் பன்னிரண்டு வருடமாக வேலை பார்த்த தமிழருக்காக. ஃபோர்மேன் என்றால் அவர்தான். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், ஒல்லி, குறைவாகப் பேசுவார். நீண்ட ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை என்ஜின்மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. காரிலிருந்து எதைக் கழற்றிப் புதிதாகப் போட்டாலும், பழையதை நாளிதழில் பொட்டலமாகக் கட்டி, வண்டியின் பின்பெட்டியில் வைத்துவிடுவார். ஒரு தேய்ந்த வாஷராக இருந்தாலும் சரி. "ஒங்க சாமான். ஒங்க கண்ணால பாத்துட்டு நீங்களே வீசிடுங்க" என்பார். அந்தப் பொட்டலங்களை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

முதல் நாளே அவர் பாதிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். என்னை மேடு ஏறச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பொகை வரல, பாத்தீங்களா சார்?"

"வராதது நல்லதுதானே?"

"இல்ல சார். காத்து பத்தலன்னா டீசலு காடி கருப்பா கக்கும். இது கக்கல. அப்போ காத்து இருக்கு. டீசலுதான் கொறையுது."

பட்டறைக்குத் திரும்பி பானட்டைத் திறந்து, சுண்டு விரல் கனமுள்ள ஒரு ரப்பர் குழாயைத் தொட்டுக் காட்டினார். ஒரு முனை காற்று போகும் பாதையிலும் மறுமுனை டீசல் பம்பிலும் மாட்டியிருந்தது. டர்போ இவ்வளவு காற்று கொடுக்கிறது என்று பம்புக்குத் தெரிவிப்பது அந்தக் குழாய்தான். அந்தச் செய்தி போனால்தான் பம்பு கூடுதல் டீசலை விடும். என் குழாயின் நடுவில் நான்கு விரல் நீளத்துக்குக் கறுப்புத் துணி டேப் சுற்றியிருந்தது.

"இதுல டேப்பு சுத்தியிருக்கே. யாராச்சும் கை வெச்சாங்களா சார்?"

கை வைத்தது நான்.

அதற்கு முந்திய தீபாவளி விடுமுறைக்கு மனைவி பிறந்த தோட்டத்துக்குப் போயிருந்தபோது அந்தக் குழாயில் ஒரு வெடிப்பைப் பார்த்தேன். கடையெல்லாம் மூடியிருந்த நாள். அங்கே லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் மைத்துனன், "இதுக்குப் போயி கடைய தேடுவீங்களா மச்சான்?" என்று ஒரு கோப்பையில் ரப்பர் பால் கொண்டுவந்தான். தோட்டத்தில் ரப்பர் பாலை நாங்கள் வெறுமனே பால் என்போம். செருப்பு பிய்ந்தால் பால், வாளி ஒழுகினால் பால், மழைக்கோட்டு கிழிந்தால் பால், சைக்கிள் டியூப் ஓட்டையானால் பால். வெடிப்பில் பாலை ஊற்றி, ஒரு சொட்டு ஆசிட் விட்டு உறையவைத்து, மேலே இன்னொரு பூச்சுப் பூசினோம். அச்சாய் ஒட்டிக்கொண்டது. ஈப்போவுக்குத் திரும்பிய பிறகு, வெள்ளையாய்த் தெரிந்த அந்த ஒட்டை மறைக்க நான்தான் டேப் சுற்றினேன்.

ஏன் மறைத்தேன்? தோட்டத்துப் பஸ்ஸில் ஈப்போ பள்ளிக்குப் படிக்க வந்த காலத்தில், நாங்கள் வகுப்புக்குள் நுழைந்தாலே டவுன் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கட்டிப்பாலு வந்துட்டாண்டா" என்பார்கள். கோப்பையில் உறைந்து நாற்றமடிக்கும் பாலுக்குத்தான் அந்தப் பெயர். இருபது வருடத்தில் பட்டம் வாங்கி, ஆசிரியராகி, டர்போ கார் வாங்கி, அந்த நாற்றத்தை எட்டத்தில் வைத்திருந்தேன். பானட்டைத் திறந்து நின்ற அந்த மனிதரிடம், "நான்தான் பால் ஊற்றி ஒட்டினேன்" என்று சொல்ல வாய் வரவில்லை.

"இல்லையே" என்றேன். "வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு. முன்ன வெச்சிருந்த தொர கம்பெனி ஒர்க்‌ஷாப்புலதான் செஞ்சாராம்."

"கழட்டி ஊதிப் பாக்கவா?"

"அத தொடாதீங்க. பிஞ்சிட்டா இந்த ஊருல கெடைக்காது."

அவர் சோப்புத் தண்ணீர் கலக்கித் தூரிகையால் டேப்பின் மேல் பூசி, என்ஜினை முடுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒரு குமிழியும் வரவில்லை. கசிவு இல்லை. கசிவு இல்லை என்பதைத்தான் நானும் பார்த்தேன். அடைப்பு என்று ஒன்று உண்டு என்பது அறிவியல் ஆசிரியருக்குத் தோன்றவில்லை. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறும் என்று நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கையில் ஒட்டிய பாலை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி வளர்ந்தவன் நான். டர்போவிலிருந்து வரும் காற்றில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். வெடிப்பு வழியாக உள்ளே இறங்கிய பால் அந்தப் பிசுக்கில் ஊறி, கரியைப் பிடித்து, மாதக்கணக்கில் உப்பி, குழாயை உள்ளிருந்து மூடிக்கொண்டிருந்தது.

பிறகு மூன்று வாரம். டீசல் ஃபில்டரை மாற்றினார். கார் ஏறவில்லை. டாங்கியை இறக்கிக் கழுவினார். ஏறவில்லை. நான்கு நாசில்களையும் கழற்றிச் சோதித்து மாட்டினார். வால்வு இடைவெளியைச் சரிபார்த்தார். புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, ஊரே காதைப் பொத்திக்கொள்ள ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். ஏறவில்லை. நான் ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டதும் பஸ்ஸில் புந்தோங் போய் இறங்கி, நம்பிக்கையோடு காரை வாங்கி, அதே மேட்டுக்கு ஓட்டிப்போய், அதே இடத்தில் அது திணறுவதைப் பார்த்துத் திரும்புவேன். ஸ்டீயரிங்கைக் கையால் குத்தியிருக்கிறேன். ஒருமுறை மேட்டின் நடுவில் நிறுத்திவிட்டு இறங்கி, டயரை உதைத்தேன். எதிரே வந்த ஒரு மலாய்க்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்டார். அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

"டர்போவ தெறந்து பாருங்கண்ணே" என்றேன் கடைசியில்.

"அது நல்லாதான் பாடுது சார். வேணாம்."

"தெறங்கன்னா தெறங்க லா. காடி என்னுது."

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். பிரித்து, மண்ணெண்ணெயில் போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, புதுக் காஸ்கட் போட்டு மாட்டினார். பழைய காஸ்கட் பொட்டலமாக என் பின்பெட்டிக்குப் போனது. சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். ஏறவில்லை.

மேட்டின் ஓரத்தில் நிறுத்தி பானட்டைத் திறந்தேன். டர்போவின் உடம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் பெயிண்டு அடையாளம் எப்போதும் இருக்கும். அது இல்லை. அங்கே இருந்தது வெளிறிப்போன, நான் அதுவரை பார்த்திராத ஓர் இரும்பு. மூன்று வார எரிச்சலுக்கும் அந்த ஒரு கணத்தில் காரணம் கிடைத்தது. காரணம் கிடைத்ததில் எனக்கு ஒருவித மகிழ்ச்சிகூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நேரே பட்டறைக்குப் போனேன். சனிக்கிழமை மதியம் அங்கே கூட்டமாக இருக்கும். பக்கத்து ஒட்டுக்கடையில் டாக்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேர் வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பழகிய குரல் எனக்கு.

"தவுக்கே, உங்க ஆளு என் காடி டர்போவ மாத்திட்டாரு."

ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "யாரு சார் சொன்னா?"

"நான் சொல்றேன். மஞ்ச பெயிண்டு எங்க?"

"மண்ணெண்ணெயில கழுவுனேன். போயிருக்கும்."

"நல்ல சாமானா இருந்தா மேடு ஏறணுமே. ஏன் ஏறல?"

"முன்னாடியும் ஏறலயே சார். அதுக்குத்தான கொண்டாந்தீங்க."

ஒட்டுக்கடையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேனோ என்னவோ. வகுப்பில் மூக்கைப் பிடித்துச் சிரித்தவர்களின் சிரிப்பாக அது எனக்குக் கேட்டது.

"பன்னெண்டு வருசமா இப்படி எத்தன பேரு சாமான மாத்தியிருக்கீங்களோ" என்றேன்.

சிரிப்பு நின்றது.

தவுக்கேதான் முதலில் பேசினார். அவர் தமிழ் புந்தோங்கில் கற்றுக்கொண்ட தமிழ். "சிக்கு, இந்த ஆளு பன்னெண்டு வருசம் என்கிட்ட வேல. ஒரு நட்டு காணோம்னு ஒருத்தன் சொன்னது இல்ல லா." சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர். அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார்.

ஃபோர்மேன் கோபப்படவில்லை. கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "சார், ஒன்னே ஒன்னு கேக்குறேன். அந்த டேப்பு சுத்துன குழாய். யாரும் கை வெக்கலன்னு சொன்னீங்க. நெசமா?"

அவர் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். கதவை என் முகத்துக்கு நேரே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"நெசம்" என்றேன்.

தவுக்கே அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பியது டாக்சிக்காரர்கள். அவர்கள் அவரைத் திட்டவுமில்லை, வேறு பட்டறைக்குப் போகவுமில்லை. முன்பெல்லாம் காரை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்கள், இப்போது ஒட்டுக்கடையிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, அவர் வேலை முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "சிக்கு படிச்சவரு, சும்மா சொல்வாரா?" என்பதுதான் அவர்களின் பேச்சு. இரண்டு மாதம் அவர் அதைத் தாங்கினார். பிறகு, "என் கையையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கானுங்க தவுக்கே, வேல ஓட மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். வீட்டையும் காலி செய்துகொண்டு தெலுக் இந்தான் பக்கம் போய்விட்டார்களாம். எனக்கு வருத்தமாக இல்லை. குற்றம் செய்யாதவன் ஏன் ஓடுகிறான் என்று மனைவியிடம் கேட்டேன்.

அதற்கு ஆறு வாரம் கழித்து, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். தோட்டத்தில் பாதி ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். மைத்துனன் பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"நம்ம வெச்ச பாலு இன்னும் தாங்குதா மச்சான்? மேல டேப்பெல்லாம் சுத்தி பெரிய டாக்டர் வேல பாத்திருக்கீங்க."

"தாங்குது. ஒரு கசிவு இல்ல."

"உள்ளாற எப்படி இருக்கு? எண்ணெ பட்டா ஊறுமே."

அவன் நான்காம் வகுப்போடு நின்றவன். நான் இரண்டு முனையையும் கழற்றி, குழாயை வாயில் வைத்து ஊதினேன். கன்னம் உப்பியதே தவிர மூச்சு அந்தப் பக்கம் போகவில்லை. மைத்துனன் வாங்கி ஊதினான். அவனுக்கும் போகவில்லை. சைக்கிள் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து குத்தினோம். நுழையவில்லை. பேனாக்கத்தியால் டேப்பையும் குழாயையும் சேர்த்துப் பிளந்தேன். உள்ளே கறுத்து, பிசுபிசுத்து, கட்டிப்பால்.

அவனுடைய லோரியிலிருந்து ஒரு துண்டுக் குழாயை வெட்டி மாட்டினோம். தோட்டத்து மருந்தகம் ஒரு குன்றின் மேல் இருந்தது. அதற்குப் போகும் செம்மண் பாதையில் காரை விட்டேன். மிதியை லேசாகத்தான் தொட்டேன். கார் பாய்ந்தது. பின்சக்கரம் கல்லை வாரி எறிந்தது.

"பறக்குது லா மச்சான்" என்று மைத்துனன் டாஷ்போர்டைத் தட்டிச் சிரித்தான். நான் குன்றின் மேல் காரை நிறுத்தி என்ஜினை அணைத்தேன்.

"அந்த ஃபோர்மேன்கிட்ட இதச் சொல்லலியா நீங்க?" என்று கேட்டான். அவனுக்குப் பாதிக் கதை தெரியும்.

"இல்ல."

"ஏன்?"

எனக்குப் பதில் இருந்தது. அவனிடம் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை.

அன்றே போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் சும்மா இருந்தேன். இருந்ததிலும் கேவலமாக இருந்தேன். கார் நன்றாக ஓடுகிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக ஈப்போ தெருக்களில் மெதுவாக ஓட்டினேன். மேட்டில் லோரிகளை முந்தும்போது சந்தோஷத்துக்குப் பதில் யாராவது பார்த்துவிட்டார்களா என்ற பயம் வந்தது. எந்தச் சக்திக்காக மூன்று வாரம் புழுங்கினேனோ, அது கைக்கு வந்த பிறகு ஒரு மைல்கூட நிம்மதியாக அனுபவிக்கவில்லை. ஒருநாள் டீசல் ஊற்றும்போது அந்த டாக்சிக்காரர்களில் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"காடி சத்தமே மாறிப்போச்சே சார். யாரு பாத்தா?"

"கோலாலம்பூருல."

"பாத்தீங்களா? அங்க நல்ல டர்போ போட்டிருப்பான். இங்க இருந்தவன்தான் ஒங்களுது தூக்கிட்டானே."

நான் மறுக்கவில்லை. என் நான்காவது பொய் அது. அதற்கு நான் வாயைத் திறக்கக்கூடத் தேவைப்படவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாசாருக்குப் போய்விட்டு வந்த மனைவி கூடையை இறக்கி வைக்காமலே நின்றாள்.

"அந்த ஃபோர்மேன் சம்சாரத்த பாத்தேன். புந்தோங்குல அக்கா வீட்டுக்கு வந்திருக்காங்களாம். சிரிச்சேன். மூஞ்ச திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க அவர என்னா சொன்னீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். பால், டேப், கேள்வி, பதில், பிளந்த குழாய். அதை எறியாமல் அலமாரியில் வைத்திருந்தேன், எடுத்துக் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை.

"என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது?" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை தெலுக் இந்தானுக்குப் போனேன். ஊருக்கு வெளியே, செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் நிற்கும் ஒரு கொட்டகையில் அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நுட்பமான வேலை எதுவும் அங்கே இல்லை. லோரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றிக்கொண்டிருந்தார். பெரிய சுத்தியலால் அடிக்கும் வேலை. என்னைப் பார்த்தும் அடிப்பதை நிறுத்தவில்லை. பட்டை உட்கார்ந்த பிறகுதான் எழுந்து வந்தார்.

நாளிதழில் சுற்றியிருந்த பொட்டலத்தை நீட்டினேன். வேண்டுமென்று அப்படிச் சுற்றவில்லை, கையில் கிடைத்தது அதுதான். ஆனால் அவர் அதைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. பிரித்தார். குழாயை விரித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"பாலு" என்றார்.

"நான்தான் ஊத்துனேன். டேப்பு சுத்துனதும் நான்தான். ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தோட்டத்து ஆளா சார் நீங்க?"

"ஆமா."

"நானும்தான்." குழாயை மடித்துத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா சிரிச்சிருப்பேன் சார். நானே எத்தன எடத்துல பாலு வெச்சி அடச்சிருக்கேன். எண்ணெ போற எடத்துல மட்டும் வெக்கக் கூடாது, அவ்ளோதான். அஞ்சு நிமிசத்து வேல."

மன்னிப்புக் கேட்டேன். அவர் வேறொன்றைக் கேட்டார்.

"இது எப்ப தெரிஞ்சிச்சு ஒங்களுக்கு?"

"போன வருசம். கோயில் திருவிழாவுல."

"ஒரு வருசம்" என்றார். பழியைவிட அதுதான் அவரை அதிகம் சுட்டது என்று தெரிந்தது. பொட்டலத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "இங்க வந்து எங்கிட்ட சொல்லி என்னா பிரயோஜனம்? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் மொதல்லேருந்தே தெரியுமே. எங்க சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க. அதே கெழமையில."

அதற்கு அடுத்த சனிக்கிழமை மதியம் புந்தோங் பட்டறை முன்னால், அதே இடத்தில், அதே குரலில் சொன்னேன். குழாயை எடுத்துக் காட்டினேன். ஒட்டுக்கடைக் கூட்டத்தில் பாதிப்பேர் பழையவர்கள்தாம். என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர்கள் சிரித்தார்கள். "டர்போவுக்குப் பாலு வெச்சாராம்" என்று ஒருவர் தொடங்கி, "தலைக்கு எண்ணெ வெச்சீங்களா சார்?" என்று இன்னொருவர் முடித்தார். அதன் பிறகு எனக்குப் புந்தோங்கில் பால் வாத்தியார் என்று பெயர். அதை நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு.

கூட்டம் கலைந்தபோது, டீசல் ஊற்றும் இடத்தில் என்னைப் பிடித்த அதே டாக்சிக்காரர் என் தோளில் கை வைத்தார். "ஒங்க மனசு யாருக்கும் வராது சார். அவன் பொழப்பு போச்சேன்னு பாவம் பாத்து, பழிய ஒங்க தலையில போட்டுக்கிறீங்க. எங்களுக்குப் புரியும்."

"இல்ல. நான் சொல்றது நெசம்."

"சரி சார், சரி" என்றார், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

குழாயை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அப்போதும் அந்தச் சிரிப்பு மாறவில்லை. நல்லவன், படித்தவன் என்ற பெயர் என் பொய்யை அன்று நம்பவைத்தது. அதே பெயர் இன்று என் உண்மையை நம்பவிடவில்லை. எத்தனை பேர் நம்பினார்கள், எத்தனை பேர் கண் சிமிட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்னும் நான்கைந்து சனிக்கிழமை போய்ச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது ஒரு வேடிக்கையாகிப் போனதால் நிறுத்தினேன்.

தவுக்கே மட்டும் சிரிக்கவில்லை. தெலுக் இந்தானுக்கு ஆள் அனுப்பி, ஃபோர்மேனைத் திரும்பி வரச் சொன்னார். வரவில்லை. முக்காலிகள் இன்னும் அங்கேதானே இருக்கின்றன என்று சொல்லி அனுப்பினாராம்.

அந்தக் காரை அதற்குப் பிறகு ஐந்து வருடம் வைத்திருந்தேன். எண்ணெய் மாற்றுவதானாலும் பிரேக் பார்ப்பதானாலும் தெலுக் இந்தானுக்குத்தான் கொண்டுபோனேன். அவர் என்னை வரவேண்டாம் என்று சொன்னதில்லை, வாருங்கள் என்றும் சொன்னதில்லை. வேலையை ஒழுங்காகச் செய்தார். பழைய சாமானைப் பொட்டலம் கட்டி வைத்தார். நான் அதை அவர் முன்னாலேயே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கையில் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும்.

பானட்டைத் திறக்கும் முன்பு அவர் கேட்பதும் ஒவ்வொரு முறையும் ஒன்றேதான்.

"யாராச்சும் கை வெச்சாங்களா சார்?"

"இல்லண்ணே" என்பேன். அது உண்மையாக இருக்கும்.

அவர் தலையாட்டிவிட்டு, முதலில் அந்தக் குழாயைக் கழற்றி, வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார்.